தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று எந்தத் தொழிற்பேட்டையின் டீக்கடையில் பேச்சை எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். சந்தா எவ்வளவு, சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அப்புறம்.

சட்டப்படி போகக் கூடாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது, நீக்கிவிடுவோம் என்று மிரட்டுவது, சங்கத்தை உடைப்பதற்காகப் பார்த்துப் பார்த்து ஊதிய உயர்வு கொடுப்பது, நிர்வாகமே ஒரு போட்டிச் சங்கத்தைக் கிளப்பிவிடுவது எல்லாமே 'நியாயமற்ற தொழில் நடைமுறை'. அதற்கு 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் "சங்கத்தில் சேர்ந்ததால் நீக்குகிறோம்" என்று எந்த நிர்வாகமும் எழுதித் தராது. கையில் வரும் ஆர்டரில் உற்பத்தி குறைவு, ஒழுங்கீனம், நிர்வாகத் தேவைக்காக இடமாற்றம் என்று வேறு ஏதாவதுதான் இருக்கும். அதன் பின்னால் இருக்கும் உண்மையான காரணத்தைக் காட்டிக்கொடுப்பவை மூன்று தேதிகள்: நீங்கள் சேர்ந்த தேதி, அது நிர்வாகத்துக்குத் தெரிந்த தேதி, நடவடிக்கை வந்த தேதி. மூன்றும் காகிதத்தில் இருந்தால் வழக்கு நிற்கும். வாய்ப்பேச்சில் மட்டும் இருந்தால் தடுமாறும்.

அதனால்தான் சந்தா ரசீதை அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசை எண், பெயர், டோக்கன் நம்பர், எந்த மாதத்துச் சந்தா, தொகை, தேதி, வாங்கியவர் கையெழுத்து ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். அதே விவரம் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலும் இருக்க வேண்டும். பல கிளைகளில் அடிக்கட்டையை 'பிறகு எழுதிக்கலாம்' என்று வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது அந்த உறுப்பினர்கள் கணக்கிலேயே வருவதில்லை. ரசீதை வாங்கியதும் போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைய தேதியோடு அது நின்றுவிடும்.

நிர்வாகத்துக்குத் தெரிந்த தேதியைச் சங்கம்தான் உண்டாக்க வேண்டும். நிர்வாகிகள் தேர்வானதும் பெயர்ப் பட்டியலோடு நிர்வாகத்துக்குக் கடிதம், நகல் தொழிலாளர் துறைக்கு, ஒப்புகையோடு கூடிய தபாலில். திரும்பி வரும் அந்தச் சின்ன ஒப்புகைச் சீட்டுக்குத் தங்கத்தின் மதிப்பு. 'எங்களுக்கு இவர் சங்க நிர்வாகி என்றே தெரியாது' என்ற வாதத்தை அது ஒன்றே அடைத்துவிடும்.

எந்தச் சட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1926 தொழிற்சங்கச் சட்டம், 1947 தொழில் தகராறு சட்டம், 1946 நிலையாணைச் சட்டம் மூன்றும் அதற்குள் போய்விட்டன. பழைய பிரிவு எண்கள்தான் இன்னும் எல்லார் வாயிலும் புழங்குகின்றன, அதில் தப்பில்லை. ஆனால் சில காலவரம்புகள் மாறிவிட்டன. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகத் தகராறு எழுப்ப முன்பு 3 ஆண்டு இருந்தது, இப்போது 2 ஆண்டுதான். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் முடியவில்லை என்றால் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். யாரும் பரிந்துரைத்து அனுப்பத் தேவையில்லை.

நடைமுறையில் வேலை பறிபோகிற இடம் பெரும்பாலும் நீக்க உத்தரவு இல்லை, இடமாற்றம். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவருக்குத் திடீரென்று வடமாநிலக் கிளைக்கு டிரான்ஸ்பர் வரும். கோபத்தில் ஆர்டரை வாங்க மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பத்து நாளில் 'தகவல் இல்லாமல் வரவில்லை' என்று மெமோ, அடுத்து 'தானாகவே வேலையைக் கைவிட்டார்' என்று கடிதம். பழிவாங்கல் என்று நிரூபிக்க வேண்டிய வழக்கு, ஏன் வேலைக்கு வரவில்லை என்று நீங்கள் விளக்கம் சொல்லும் வழக்காகத் திரும்பிவிடும். ஆர்டரை வாங்குங்கள். கையெழுத்துக்கு மேலே 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். அன்றே இது பழிவாங்கும் நடவடிக்கை என்று காரணங்களோடு பதில் எழுதி அனுப்புங்கள். சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் மனுவும் போகட்டும். வெறும் தாளில் கையெழுத்து யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், போடாதீர்கள்.

சஸ்பெண்ட் ஆனால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வர வேண்டும். சார்ஜ் சீட்டுக்கு, அதாவது நிர்வாகம் தரும் குற்றச்சாட்டுக் கடிதத்துக்கு, அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். ஆவணங்கள் தரவில்லை என்றால் அதைக் கேட்டு ஒரு கடிதம், கூடவே குற்றச்சாட்டை மறுத்து ஒரு வரி. பதிலே கொடுக்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

இன்னொரு பொறி சந்தா வசூல். அனுமதி இல்லாமல் ஆலைக்குள் பணம் வசூலிப்பதைப் பல நிறுவனங்களின் நிலையாணைகள், அதாவது ஆலையின் வேலை விதிகள், ஒழுங்கீனமாக எழுதி வைத்திருக்கின்றன. ஷிப்ட் நேரத்தில் லைனில் நின்று படிவம் நிரப்பினால் அதையே குற்றச்சாட்டாகக் கொடுப்பார்கள். பஸ் ஏறும் இடம், ரூம், கேட்டுக்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மெயிலும் கம்பெனி லேப்டாப்பும் இதற்கு வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் உறுப்பினர் பட்டியலைப் போடாதீர்கள்.

"ஏழு பேர் இருந்தா சங்கம் ஆரம்பிச்சிடலாமாமே?" என்று கேட்பார்கள். பாதி சரி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஏழு பேர் போதும். ஆனால் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் அன்றைக்கு உறுப்பினராக இருக்க வேண்டும். 600 பேர் வேலை செய்யும் இடத்தில் 60. 2,000 பேர் இருந்தாலும் 100 போதும். 50 பேர் என்றால் 10 சதவீதம் ஐந்துதான் வரும், இருந்தாலும் ஏழுக்குக் கீழே இறங்க முடியாது. சரியாக ஏழு பேரோடு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் பின்வாங்கினால் விண்ணப்பமே செல்லாமல் போகும். ஏழில் நான்கு பேர் வீட்டுக்குப் போன் போட்டு, அப்பா அம்மாவைப் பயமுறுத்தி, 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி வாங்கிவிட்டால் கதை முடிந்தது. பதினைந்து இருபது பேர் போடட்டும். அவர்கள் நிரந்தரமானவர்களாக, லீவு கணக்கு சுத்தமாக உள்ளவர்களாக இருக்கட்டும். தகுதிகாண் காலத்தில் இருக்கும் பையன்களை அந்தத் தாளில் முன்னே நிறுத்துவது நியாயமில்லை.

பதிவு உடனே கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 ஜூலையில் விண்ணப்பித்தார்கள். சங்கப் பெயரில் 'சாம்சங்' இருப்பதை நிறுவனம் எதிர்த்தது. செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம், உயர் நீதிமன்றம் என்று போய், 2025 ஜனவரியில்தான் பதிவு ஆனது. பெயருக்காக அவ்வளவு போராட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும். தான் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொல்லித் தன் சங்கத்தை அழைக்க ஒரு தொழிலாளிக்கு உரிமை இல்லை என்றால் வேறு எந்த உரிமை மிஞ்சும்? அத்தனை காலம் காத்திருக்க முடியாத சின்ன இடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஏற்கெனவே பதிவான மாவட்டப் பொதுத் தொழிலாளர் சங்கத்திலோ, அந்தத் தொழிலுக்கான சங்கத்திலோ சேர்ந்து, உங்கள் ஆலையில் கிளை அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் புதுப் பதிவு தேவையில்லை.

"எங்க கம்பெனியிலதான் ஒர்க்ஸ் கமிட்டி இருக்கே, அப்புறம் எதுக்குச் சங்கம்?" இதை எச்.ஆர். சொல்லிக்கொடுத்துத்தான் பலர் கேட்கிறார்கள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அமைக்கப்படுகிற அந்தக் குழு கேன்டீன் சாப்பாடு, குடிதண்ணீர், பஸ் நேரம் போன்ற அன்றாட உரசல்களைப் பேசித் தீர்ப்பதற்கு. நிர்வாகத் தரப்பும் அதில் சரிபாதி வரை உட்கார்ந்திருக்கும். ஊதிய ஒப்பந்தம் போடுவது அதன் வேலை இல்லை.

பதிவும் அங்கீகாரமும் ஒன்றில்லை என்பதையும் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு அரசு தருவது. பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற தகுதி எண்ணிக்கையால் வருவது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கம் தனியாகப் பேசும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். ஒரு ஆலைக்குள் நான்கு சங்கமாகப் பிரிந்து நிற்பதன் விலை இந்தக் கணக்கில்தான் தெரியும்.

காண்டிராக்ட் தொழிலாளி சேரலாமா? சேரலாம். ஆனால் அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். 'நிரந்தரத் தொழிலாளர் மட்டும்' என்று எழுதியிருந்தால் தொழில்வாரிச் சங்கத்துக்குப் போங்கள். காண்டிராக்டர் மாறினாலும் அந்த உறுப்பினர் எண் மாறாது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கோரலாம். அந்த 480ஐ எண்ணிக் காட்ட வருகைச் சீட்டு, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு எல்லாம் வேண்டும். ஐ.டி. ஊழியர்களும் சேரலாம். அந்த நிறுவனங்களுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 2016லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. டீம் லீடர், சூப்பர்வைசர் விஷயத்தில்தான் குழப்பம். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தகராறு எழுப்பும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் சங்கத்தில் உறுப்பினர் ஆவதற்கு அந்தத் தடை இல்லை. பதவிப் பெயரைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

நலவாரிய அட்டையையும் சங்க அட்டையையும் ஒன்றாக நினைப்பவர்கள் கட்டுமானத்திலும் ஆட்டோவிலும் நிறைய. வாரியம் அரசுடையது, உதவித்தொகைக்கானது. முதலாளியோடு பேச அதனால் முடியாது.

சந்தாப் பணம் கட்சிக்குப் போகிறதா என்ற கேள்வி நியாயமானது. அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குக் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள், நல்ல சங்கம் அதற்குக் கோபப்படாது. பதிவான தொழிற்சாலைச் சங்கத்தில் வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் குறைவானதைத் தாண்டக் கூடாது. முடிவு உள்ளே வேலை செய்பவர் கையில் இருப்பதற்காக வைத்த விதி அது.

கம்பெனி நம்மேல் வழக்குப் போடுமா என்ற பயத்துக்கு ஒரு வரலாறே உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கியது. அந்த அடியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926 சட்டம் ஆனது. பதிவான சங்கத்தின் சட்டபூர்வமான நடவடிக்கைக்காக உறுப்பினர் மீது அப்படி வழக்கு நிற்காது என்ற பாதுகாப்பு அன்று கிடைத்ததுதான்.

'சட்டபூர்வமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலைநிறுத்தத்துக்கு இப்போது எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து 7 நாள் வரையும் இறங்கக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கணக்காகும். இது தெரியாமல் 'லீவுதானே போட்டோம்' என்று மாட்டிக்கொள்கிறார்கள். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"சேராமலே இருந்தாலும் உயர்வு வந்துடுமே?" வரும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம், பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவை வைத்து ஆலை வாசலில் இன்றும் 'பன்னிரண்டு மூன்று' என்று சொல்வார்களே அது, உறுப்பினர் அல்லாதவரையும் கட்டுப்படுத்தும், அவருக்கும் பலன் தரும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் எந்தக் கோரிக்கை முதலில் நிற்க வேண்டும் என்று பொதுக்குழுவில் கை தூக்க உறுப்பினருக்குத்தான் உரிமை. உங்கள் ஷிப்ட் அலவன்ஸும் உங்கள் துறையின் வேலைப்பளுவும் பட்டியலில் ஏறுவது அந்தக் கூட்டத்தில்தான்.