கார் ஆடியோ பழுது: செய்முறைத் தேர்வுக்கு நான் பழகிய விதம்

ஐடிஐ-யில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் கார் ஆடியோவைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். பாட்டுப் பெட்டிதானே என்ற நினைப்பு. என்னைக் கேட்டால், பழுது தேடிப் பழக அதைவிட வசதியான இடம் இல்லை. சப்ளை, எர்த் (வண்டியின் இரும்பு பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), ஸ்பீக்கர் எல்லாம் கைக்கு எட்டும்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய செட் ஒன்றையும், வெட்டியெடுத்த கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) வாங்கி, 12 வோல்ட் பேட்டரியோடு மேசையில் இணைத்துக்கொண்டேன். நண்பன் மறைவாக ஒரு பழுதை வைப்பான், நான் மல்டிமீட்டரோடு தேடுவேன். புத்தகத்தைவிட இதுதான் அதிகம் கைகொடுத்தது.

வெளியில் வாங்கும் செட்டில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் சப்ளை இருப்பது, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். சாவியை எடுத்ததும் நேரமும் ஸ்டேஷனும் அழிகிறதா? மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியின் சொந்த வயரிங்கில் இந்த நிறங்களை நம்பக் கூடாது, வரைபடம் வேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பலர் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்: மீட்டரில் 12 வோல்ட் வருகிறது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தத்தைக் கூட்டினால் செட் அணைகிறது. ஏன்? மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அது 12 காட்டிவிடும். செட் சில ஆம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் செட்டை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைச் செட்டின் கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. பேட்டரி பாசிட்டிவுக்கும் மஞ்சள் வயருக்கும் இடையிலும் இதே சோதனைதான். செட்டே உயிர்பெறவில்லையா? 21 வாட் இண்டிகேட்டர் பல்பை லோடாகப் போட்டு அளக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளிலும், மழைநீரில் ஓடிய வண்டிகளிலும் எர்த் முனை பச்சை பூத்திருப்பது சகஜம். பெயின்ட் மேலேயே முறுக்கிய எர்த் இன்னொரு தொல்லை.

ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மீட்டரில் மூன்றரை போலக் காட்டும். இப்போதைய செட்களில் செட் ஓடும்போது ஸ்பீக்கர் வயர் இரண்டையும் தனித்தனியே பாடிக்கு எதிராக அளந்தால் 6 வோல்ட் அளவுக்கு இருக்கும். நெகட்டிவ்தானே என்று பாடியில் இணைத்தால் செட் தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்ஷனுக்குப் போய் அணையும், அல்லது உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் ஐசி போகும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளைச் சத்தத்துக்கு ஆல்டர்னேட்டரை உடனே கழற்றாதீர்கள். செட்டும் ஆம்பும் (தனி ஆம்ப்ளிஃபையர்) வெவ்வேறு இடத்தில் எர்த் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் நீல 15 போடாதீர்கள், மார்க் அங்கேயே போய்விடும். அப்புறம், டேஷ்போர்டுக்குள் தெரியும் மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குடையதாக இருக்கலாம். அதில் மீட்டரை வைக்கவே வேண்டாம்.