பூ கட்டப் பழகுறேன் – ரெண்டு மாச நிலவரம்

எனக்கு பூ மேல பெருசா ஆசையெல்லாம் கெடையாது. மதுரைக்காரன், மல்லி வாசம் மூக்குக்குப் பழகிப்போச்சு, 2013ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு குடுத்தப்பகூட இதுக்கெல்லாமா குடுப்பாங்கன்னுதான் நெனச்சேன். இப்ப வீட்டம்மாவுக்கு வலது மணிக்கட்டுல நரம்பு அமுங்கி விரல் மரத்துப்போகுதுன்னு டாக்டர் ஒரு பட்டைய மாட்டிவிட்டு ரெண்டு மாசம் துணி புழியக்கூடாது, பூ கட்டக்கூடாதுன்னுட்டாரு. துணி புழியாததுக்கு அவ ஒண்ணும் வருத்தப்படல, பூவுக்குத்தான் மூஞ்சி விழுந்துபோச்சு. கட்டுன பூவா வாங்கிக்கலாமேன்னேன். "அது பூவாங்க, நாருக்கு நடுவுல எங்கிட்டாச்சும் ஒரு மொட்டு இருக்கும்"னா. அதுவும் சரிதான், முழம் போடுறப்ப பூக்காரக்கா கை சுருங்குறத நானும் பாத்துருக்கேன்.

சரி நாமளே கட்டுவோம்னு நூறு கிராம் உதிரிப்பூ வாங்கிட்டு வந்து யூடியூபப் போட்டு உக்காந்தேன். முக்கா மணி நேரம் கழிச்சுப் பாத்தா நாலு விரக்கடை கூட வரல, மடி பூரா மொட்டு மட்டும் தனியா கெடக்கு. நான் எடுத்தது தையல் நூலு, இழுக்க இழுக்க காம்ப அறுத்துருச்சு. வெக்கத்த விட்டுட்டு அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். சிரிப்ப அடக்கிக்கிட்டு, "மாப்ள, வாழநாரு வாங்குங்க, தண்ணில நனச்சு நகத்தால மெல்லிசா கிழிச்சுக்கங்க"ன்னாங்க.

முறை என்னன்னா, இடது கை விரல்ல நார் நுனியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு மொட்டு அங்கிட்டு பாத்தாப்ல, ரெண்டு மொட்டு இங்கிட்டு பாத்தாப்ல, காம்பு நாலும் ஒண்ணு மேல ஒண்ணா வைக்கணும், நார ஒரு சுத்து சுத்தி வலது கைல ஒரு சுருக்குப் போட்டு மொட்டு தலை மேலாக்க கொண்டாந்து இழுக்கணும். அந்த இழுப்புலதான் எல்லாம் இருக்கு. கூடுனா காம்பு போச்சு, கொறஞ்சா பூ போச்சு. சொல்றதுக்கு ஒரு வாக்கியம், கைக்கு வர பன்னெண்டு நாளாச்சு.

மொத தடவ ஒரு முழம் தேறுனத அவ ஆபீசுக்கு வச்சுட்டுப் போனா. சாயங்காலம் வந்து திரும்பி நின்னு காமிச்சா, நார் தொங்குது, ஏழு மொட்டு இருக்கு, மிச்சத்த வண்டில போற வழியெல்லாம் தூவிட்டுப் போயிருக்கா. "யாரு கட்டுனதுன்னு கேட்டாங்க, கடைலன்னுட்டேன், உங்க மானம் போகக்கூடாதுல்ல."

இன்னொரு தப்பும் பண்ணுனேன். குண்டுமல்லிய விடியறதுக்கு முன்னாடியே மொட்டா பறிச்சுருவாங்க, அது சாயங்காலமா விரிய ஆரம்பிக்கும். நான் ஆபீஸ் முடிச்சு ராத்திரி எட்டு மணிக்கு உக்காந்தேன், எல்லாம் விரிஞ்சுருச்சு, சுருக்குப் போடுறப்ப இதழ் மாட்டிக் கிழியுது. இப்பல்லாம் காலைலயே வாங்கி ஈரத்துணில சுத்தி வச்சு, குளிக்கப் போறதுக்கு முன்னாடியே கட்டிடறேன். (பழகுறவங்க மார்கழி, தைல ஆரம்பிக்காதீங்க. பனில வரத்து கொறஞ்சு கிலோ ரெண்டாயிரத்தத் தாண்டிரும், அறுந்து விழுற ஒவ்வொரு மொட்டுக்கும் நெஞ்சு வலிக்கும்.)

நடுவுல ஒரு சண்டை. தம்பிக்கு பணம் குடுத்தத அவகிட்ட சொல்லல, பேங்க் மெசேஜப் பாத்துக் கண்டுபுடிச்சுட்டா. தப்பு என் மேலதான், அத நான் ஒத்துக்கவே ரெண்டு நாளாச்சு. அந்த ரெண்டு நாளும் பேச்சு கெடையாது, சாப்பாட்டுத் தட்ட வைக்கிற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. ஆனா காலைல எந்திரிச்சா டிவி ஸ்டாண்டு பக்கத்துல நனைச்ச நாரும் உதிரிப்பூவும் இருக்கு. நான் எதும் கேக்காம கட்டி ஃபிரிட்ஜ் மேல வச்சேன். ஆபீசுக்குக் கெளம்புறப்ப கதவ படார்னு சாத்திட்டுப் போனா, ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், பூ தலைல இருந்துச்சு. அஞ்சாவது கல்யாண நாளுக்கு எவ்வளவோ யோசிச்சு வெள்ளில பிரேஸ்லெட் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அது ஆறு வருசமா பீரோவுல பஞ்சுக்குள்ள தூங்குது, இந்த கோணப் பூவ எதுக்கு விடாம வைக்கிறான்னு அன்னைக்கு பூரா அதே யோசனைதான், வேலையே ஓடல.

போன வாரம் பட்டையக் கழட்டியாச்சு. வந்ததும் உக்காந்து அஞ்சு நிமிசத்துல ஒரு முழம் கட்டிட்டா, கைய பாக்கக்கூட இல்ல, சீரியல பாத்துக்கிட்டே. என்னுது பக்கத்துல கெடந்துச்சு, அங்கங்க பல்லு விழுந்தாப்ல. சரி நம்ம வேலை முடிஞ்சுதுன்னு எந்திரிச்சேன். அவ கட்டுனத எடுத்துட்டுப்போய் மீனாட்சி படத்துக்குப் போட்டுட்டு என்னுத எடுத்து தலைல வச்சுக்கிட்டா. நல்லத வச்சுக்கலாம்லன்னேன்.

"இத சாமிக்குப் போட்டா நட்ட நடுராத்திரில உதிரும்ங்க, பாவம். எனக்குன்னா பரவால்ல. பின்ன குத்துங்க, கோணலா இருக்கு பாருங்க."

அடுத்து கதம்பம் கட்டிப் பாக்கணும். கனகாம்பரம் தொட்டாலே கசங்குது, மருக்கொழுந்த எந்த எடத்துல சொருகறதுன்னு வேற தெரியல. ஞாயித்துக்கெழம அத்தை வர்றாங்க.