மூக்கு லாரிக்கு முன் ஆக்ஸில் போட்ட கதை

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பழைய மூக்கு லாரி ஒன்றை, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீலாக மாற்றியிருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த லாரி பொது ரோட்டில் ஓடாது, எங்கள் தோட்டத்துக் கேட்டுக்குள்ளேயேதான் ஓடும். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஐம்பது வயது தாண்டிய டூவீலர்களுக்கும் கார்களுக்கும் 2021-ல் ஒரு விண்டேஜ் பதிவு வந்ததே, நம்பரில் வி.ஏ. என்று வருமே, அதுவும் இதற்கு உதவாது. வண்டி பிறந்தபடியே இருக்க வேண்டும், சேஸிஸிலும் இன்ஜினிலும் பெரிதாகக் கைவைத்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ரோட்டில் ஓட்டத்தான் ஆசை என்றால், ஃபோர்வீலாகவே பிறந்த மிலிட்டரி வண்டியைக் காகிதத்தோடு ஏலத்தில் எடுங்கள். என் வழியில் வராதீர்கள்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் மங்களங்கொம்புக்கும் நடுவில். சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த மரத்திலேயே மிளகுக்கொடி. காபி பழுப்பது நவம்பர், டிசம்பரில். வடகிழக்கு மழை கொட்டி, தோட்டத்துப் பாதை களிமண் குழம்பாகக் கிடக்கும் நேரம் அது. பழம் பறிப்பது மேல்காடுகளில், பழத்தோல் நீக்கும் பல்ப்பர் ஷெட் ஓடைக்குப் பக்கத்தில் கீழே. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும், ராத்திரி மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். ஜீப்பில் ஏழெட்டு மூட்டைக்கு மேல் ஏற்ற முடியாது. டிராக்டர் ஒருமுறை டிரெய்லரோடு சரிந்தது. டிரைவர் குதித்துத் தப்பினார். அன்றோடு டிராக்டர் ஆசையும் போனது.

ஷெட்டுக்குப் பின்னால் பெரியப்பாவின் லாரி நின்றது. அறுபதுகளில் வாங்கியது. டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டைம்லர்-பென்ஸும் 1954-ல் ஒப்பந்தம் போட்டு, ஒரு பதினைந்து வருஷம் சேர்ந்து ஓட்டிய காலத்து டாடா-மெர்சிடிஸ்-பென்ஸ். முன்னால் நீண்ட மூக்கு, கிரில்லில் மூன்று முனை நட்சத்திரம். மலை வாழையையும் ஆரஞ்சையும் ஏற்றிக்கொண்டு பட்டிவீரன்பட்டிக்கும் வத்தலக்குண்டுக்கும் இறங்கிய வண்டி. வாழையை முடிக்கொத்து நோய் தின்ற பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. நான் பார்க்கும்போது கேபினில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் டீசல் ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டு, ஃபிளைவீலைக் கம்பி போட்டு முன்னும் பின்னுமாக அசைத்தோம். பதினோராவது நாள் விட்டுக்கொடுத்தது. இது டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றும் பழைய பிரீ-சேம்பர் இன்ஜின், அந்த அறையைச் சூடாக்கும் க்ளோ பிளக் சூடேறினால்தான் காலையில் கிளம்பும். ஆறு பிளக்கும் தொடராக வயர் போட்டவை, பழைய சீரியல் லைட் மாதிரி. ஒன்று போனால் ஆறும் போச்சு. டேஷ்போர்டில் சின்ன ஓட்டைக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும், அது சிவந்தால் பிளக்குகள் சூடேறுகின்றன என்று அர்த்தம். தாண்டிக்குடிக் குளிரில் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

என்னை ஒன்றரை வருஷம் அலைக்கழித்தது முன் ஆக்ஸில்தான்.

சாதாரண லாரியில் முன் ஆக்ஸில் என்பது ஒரு இரும்புத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும், திருப்பும், அவ்வளவே. அதைக் கழற்றிவிட்டு, உள்ளே கிரவுன் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) உள்ள, திரும்பிக்கொண்டே இழுக்கக்கூடிய ஆக்ஸிலைப் போட வேண்டும். கியர் பாக்ஸுக்குப் பின்னால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று வைத்து, அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என ஜாயின்ட் ஷாஃப்ட் கொடுக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் தப்பை நானே செய்தேன். மெக்கானிக் அண்ணனிடம் கேட்காமல், கழித்த சாமான் விற்கும் ஒரு டிஸ்போசல் வியாபாரியிடம் ஷக்திமான் முன் ஆக்ஸில் என்று ஒன்றை 65,000 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டேன். ஷக்திமான் என்பது 1959-லிருந்து ஜபல்பூரில் ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் ராணுவத்துக்காகச் செய்த லாரி. "எல்லாம் ஒரே ரேஷியோதான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார் வியாபாரி. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாக்பீஸ் கேட்டார்.

லாரியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டை வைத்துப் பூட்டினார். இன்னொரு பக்கச் சக்கரத்தில் ஒரு கோடு, ஜாயின்ட் ஷாஃப்டில் ஒரு கோடு. என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொண்டார். சரியாக இரண்டு சுற்று. ஒரு சக்கரம் பூட்டியிருக்கும்போது மற்றது இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும், அதனால் இரண்டு. ஷாஃப்ட் ஆறு முழுச் சுற்றும், ஏழாவதில் முக்காலுக்குக் கொஞ்சம் மேலும் வந்து நின்றது. "ஆறு நாப்பத்தொண்ணு" என்றார் அடியிலிருந்தே. பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல். வகுத்தால் 6.83. அதுதான் ரேஷியோ, சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் அத்தனை சுற்று.

அப்புறம் நான் வாங்கிவந்ததைக் கட்டைமேல் ஏற்றி அதே கணக்கு. ஆறு சுற்று, அதற்குமேல் கால் சுற்றுகூட இல்லை.

"பத்துல ஒண்ணு வித்தியாசம் தம்பி. பின்சக்கரம் ஒரு கிலோமீட்டர் போனா முன்சக்கரம் கிலோமீட்டரும் நூறு மீட்டரும் போகப் பார்க்கும். ரெண்டும் ஒரே சேஸிஸ்லதானே கிடக்கு? எங்க போகும் அந்த நூறு மீட்டர்?"

டயர் தேயும், இல்லையென்றால் ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ் உடையும், அதுவும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கும். போதாததற்கு அந்த ஆக்ஸிலில் கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை இடப்பக்கம் இருந்தது. நாங்கள் பார்த்துவைத்த டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் வலப்பக்கம் வெளியே வரும். வியாபாரி திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் காயலாங்கடையில் எடைக்குப் போட்டு 19,000 ரூபாய் வாங்கினேன்.

இரண்டாவது முறை கோயம்புத்தூருக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். சாக்பீஸ், ஜாக்கி எல்லாம் எங்கள் பையில். ராணுவத்தில் கழித்த, எங்கள் வண்டியின் வம்சத்திலேயே வந்த டாடா ஃபோர்வீல் ஒன்று பிரித்துப் போட்டிருந்தார்கள். பணத்தை எடுக்கும் முன்பே முன்னையும் பின்னையும் சுற்றி எண்ணினோம். இரண்டும் ஆறு நாற்பத்தொன்று. கடைக்காரர் செட்டாகத்தான் தருவேன் என்றார்: முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று ஷாஃப்ட், ஸ்டீயரிங் ஆர்ம். எங்களிடம்தான் பின் ஆக்ஸில் இருக்கிறதே என்று நான் பேரம் பேச ஆரம்பித்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஹப்பில் போல்ட் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்பது எனக்கு வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. செட்டு 2,40,000 ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பறிப்புக் காலம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த சிக்கல் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. புது ஆக்ஸிலின் உருண்டை நேராக இன்ஜின் சம்புக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. வண்டி குதித்தால் முட்டும். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கிவிடலாம் என்று வத்தலக்குண்டில் ஒருவர் யோசனை சொன்னார். பின்பக்கத்துக்கு அது சரி. திரும்பவும் செய்து பிரேக்கும் பிடிக்கிற முன்பக்கத்தில் அந்தக் கட்டை நகர்ந்தால் கதை முடிந்தது. அண்ணன் அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. திண்டுக்கல்லில் பட்டைகளுக்குப் புதிதாக வளைவு ஏற்றி, இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். மூன்று அங்குலம் உயர்ந்தது. ஆனாலும் ஒரு மூலையில் விரல்தான் நுழைந்தது, கை நுழையவில்லை.

ஆக, சம்பையே வெட்டினோம். முன்பக்கக் குழியை மேடாக்கி, அதே அளவு ஆயில் பிடிக்கும்படி பின்பக்கத்தை ஆழமாக்கி, ஆயில் உறிஞ்சும் குழாயையும் பின்னுக்கு நீட்டினோம். வெல்டிங் சரியா என்று பார்க்க அண்ணன் செய்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சம்பின் வெளிப்பக்கம் வெல்டிங் தையல் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினார். டீக்குப் போய்விட்டு வந்தோம். வெள்ளையில் இரண்டு இடத்தில் மட்டும் ஈரம் கோர்த்து, மயிரிழை மாதிரி கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத ஓட்டை. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார்.

ஸ்டீயரிங் ஆர்ம் செட்டோடு வந்தது நல்லதாய்ப் போயிற்று. வண்டி உயர்ந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் சாய்ந்துவிடும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். பழைய ஆர்மையே சூடு காட்டி வளைத்துக்கொள்பவர்கள் உண்டு. உயிர்மேல் ஆசை இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

கூண்டுக்குத் தளம் போட நம் தோட்டத்துச் சில்வர் ஓக் சும்மாதானே கிடக்கிறது என்று பலகை அறுத்துப் போட்டேன். இரண்டு மழையில் உளுத்தது. இப்போது வேங்கை. பெயின்டுக்கு ஒரே கோட் பச்சை. நட்சத்திரத்தை மட்டும் புளி போட்டுத் தேய்த்தேன்.

முதல் ஓட்டம் காபி காயப்போடும் சிமென்ட் களத்தில். லிவரைத் தள்ளி ஃபோர்வீல் போட்டு, பெருமையாக ஒரு வட்டம் அடித்தேன். பாதி வட்டத்தில் வண்டி முனகியது, டயர் களத்தில் கறுப்பாகக் கிழித்தது, அப்புறம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் நின்றுவிட்டது. லிவர் வெளியே வரவில்லை. திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போக வேண்டும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், இதற்கு விட்டுக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காக ஏறி உட்கார்ந்துகொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி முறுக்கை அவிழ்த்துவிடும், சிமென்ட்டில் வழுக்க இடமில்லை. அண்ணன் ஏறி, நேராக நான்கு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தார். லிவர் வெண்ணெய் மாதிரி வந்தது. "களத்துல காபியைக் காயப்போடுறதா, உன் லாரியைக் காயப்போடுறதாடா?" என்று அம்மா திட்டியது தனி.

அன்றே டயரையும் அளந்தோம். சாக்பீஸ் கோடு தரையைத் தொட்ட இடத்திலிருந்து ஒரு சுற்று உருட்டி டேப் வைத்தோம். முன்னால் போட்ட புது 9.00-20 டயர் 3.12 மீட்டர், பின்னால் தேய்ந்தது 3.06. ஆறு செ.மீ.தானே என்று தோன்றும், கிலோமீட்டருக்கு அது இருபது மீட்டர். டயரை மாற்றி மாற்றிப் போட்டு ஓரளவு சமன் செய்தோம். ஒரு அதிர்வு மட்டும் போகவே இல்லை. கிரீஸ் வைக்கக் கழற்றிய ஷாஃப்டை மாட்டும்போது உதவிக்கு இருந்த பையன், ஷாஃப்டின் இரண்டு பாதியைச் சேர்க்கும் பல்வரிசையான ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறான். இரண்டு முனையிலும் மூட்டைப் பிடிக்கும் நுகம் போன்ற கவைகள் ஒரே நேரில் இருந்தால்தான் சுழற்சி சீராகும். கழற்றி மாட்டியதும் சத்தம் அடங்கியது. இப்போது எந்த ஷாஃப்டைக் கழற்றினாலும் முதலில் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம்.

இவ்வளவையும் நான் ஏற்றத்தை நினைத்துத்தான் செய்தேன். யாரிடம் பேசினாலும் "அந்தச் செங்குத்தில் ஏறிடுமா?" என்பதுதான் கேள்வி. நவம்பரில் முதல் பாரம் ஏற்றியபோதுதான் உறைத்தது, எங்கள் தோட்டத்தில் லாரி மேலே போவது காலியாக, கீழே வருவதுதான் பாரத்தோடு. ஐம்பது மூட்டை பழம் பின்னால் தள்ள, ஈரக் களிமண்ணில் சில்வர் ஓக் சருகு மெத்தையாகக் கிடக்க, அந்த இறக்கத்தில் பழைய லாரியாக இருந்தால் இன்ஜின் பிடிப்பு பின்சக்கரத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். இறக்கத்தில் எடை முன்னுக்குச் சாய, பின்சக்கரம்தான் முதலில் பிடி விடும். பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். இப்போது டிரான்ஸ்ஃபர் கேஸை மெதுவான லோவில் வைத்து முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால், இன்ஜின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆள் நடப்பதைவிட மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறது.

அண்ணன் பக்கத்துச் சீட்டில் இருந்தார். முதல் இரண்டு வளைவுவரை அவருடைய வலது கால் தரைப்பலகையை அழுத்திக்கொண்டே இருந்தது, அங்கே பிரேக் இருப்பதுபோல. மூன்றாவது வளைவில் காலை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

மீதி இருப்பது ஒரே வேலை. இடப்பக்க முன்சக்கரம் திரும்பும் கணுவில் ஆயில் சீல் கசிகிறது, கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கூழாக வடிகிறது. சீல் மிலிட்டரி அளவு, திண்டுக்கல்லில் கிடைக்கவில்லை. பழைய உறையை வைத்து லேத்துப் பட்டறையில் வளையம் கடைந்துகொண்டிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா.