இணைப்பது இயந்திரம், மற்றதெல்லாம் நம் கை

வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, கம்பத்துக்குக் கம்பம் போட்டிருந்த எங்கள் 24 கோர் (அதாவது 24 கண்ணாடி இழைகள் கொண்ட) ஃபைபர் கேபிளை மாட்டி இழுத்துப் பிய்த்துவிட்டது. நல்லவேளையாக, பக்கத்துக் கம்பத்தில் உபரிச் சுருள் இருந்தது. அதை அவிழ்த்து இழுத்ததால் ஒரே இடத்தில் இணைத்தால் போதும் என்றானது. இல்லையென்றால் நடுவில் துண்டுக் கேபிள் வைத்து இரண்டு முனையிலும் மொத்தம் 48 இணைப்புகள் போட வேண்டியிருக்கும்.

அறுந்த இடத்திலேயே இணைத்துவிடக் கூடாது. இழுபட்ட கேபிளுக்குள் கண்ணாடி இழை எதுவரை நொந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. இருபுறமும் சில மீட்டர் தயங்காமல் வெட்டித் தள்ளினோம்.

மேலுறையை உரித்ததும் ஜெல்லி. தண்ணீர் புகாமல் தடுக்கும் அந்தப் பிசின், விளக்கெண்ணெயில் கோந்தைக் குழைத்ததுபோல் விரலைவிட்டுப் போகாது. பாதி நேரத்தை அதுவே தின்றுவிடும். பிறகு நிற வரிசை: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று தொடங்கி 12 நிறங்கள், இழைகளைத் தாங்கும் இரண்டு குழாய்கள். டார்ச் வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையும் ஒன்றாகவே தெரியும். பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். இழையில் ஒளிதான் போகிறது என்றேன், நம்பியதாகத் தெரியவில்லை.

இழை முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரத்தை மூடிய வண்டிக்குள் வைத்துக்கொண்டோம். காற்றடித்தால் இழையை உருக்கும் மின்பொறி நிலையாக நிற்காது. முதலில் ஒட்டைக் காக்கும் சிறு குழலான ஸ்லீவை இழையில் கோத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அதை நுழைக்க வழியில்லை. ஸ்ட்ரிப்பரால் 250 மைக்ரான் பூச்சை உரித்தால் 125 மைக்ரான் கண்ணாடி வெளிப்படும். ஒளி ஓடும் மையப்பகுதி அதற்குள் 9 மைக்ரான் அளவுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரில் வைக்க வேண்டும். கிளீவர் இழையை அறுப்பதில்லை. ஒரு கீறல் போட்டு, அங்கே நேராக முறிக்கிறது. முறிந்த முகம் ஒரு பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் மறுபடி உரிப்பதே மேல். துடைத்தபின் விரல் பட்டாலும் அப்படியே. முறித்த துண்டுகளைத் தனி டப்பாவில் போட்டோம். தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு.

இதற்குப் பிறகு இயந்திரத்துக்குச் சில நொடி வேலைதான். முனைகளை நேர்ப்படுத்தி, உருக்கி ஒட்டிவிட்டு, ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று திரையில் காட்டும். பலர் அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது இயந்திரம் ஒட்டின் படத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு மட்டுமே.

எங்களுக்கு வந்த சிக்கலே அதற்குச் சாட்சி. இழைக்குள் ஒளியை அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்துச் சோதித்தபோது 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 1550-இல் ஒரு கோரில் மட்டும் இழப்பு எகிறியது. நீண்ட அலைநீளம் வளைவைத் தாங்காது. எனவே குற்றம் ஒட்டில் இல்லை, ஒட்டிய இழைகளைச் சுற்றி வைக்கும் தட்டில் என்று புரிந்தது. திறந்து பார்த்தால், மூடியின் ஓரத்தில் ஒரு சுற்று நசுங்கிக் கிடந்தது. அகலமாகச் சுற்றி வைத்ததும் அந்த இழப்பு மறைந்தது.

இணைப்புகளை வைக்கும் பெட்டியான குளோசரை மூடிக் கம்பத்தில் கட்டிவிட்டு, கடைசி வீட்டில் வந்துசேரும் ஒளியின் வலிமையை அளந்தோம்: மைனஸ் 21 டிபிஎம். மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது. இந்த மாதக் கட்டணத்தில் ஒரு நாள் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார் வீட்டுக்காரர்.