எல்லாக் குழந்தையும் செலக்டட்

குழந்தையின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு வைத்தால் ‘காஸ்டிங் டீம்’ என்று யாராவது வந்து நிற்கிறார்கள். எங்களுக்கும் வந்தார்கள். “பாப்பாவுக்கு நல்ல கேமரா ஃபேஸ் மேடம். ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குத் தேடிட்டு இருக்கோம், ஞாயித்துக்கிழமை ஆடிஷனுக்குக் கூட்டிட்டு வாங்க.” மகளுக்கு ஏழு வயது, டிவி விளம்பரம் ஒவ்வொன்றையும் வசனத்தோடு ஒப்பிக்கிற ரகம். என் வீட்டுக்காரருக்கு அவளைவிட ஆசை. போய்ப் பார்ப்பதில் என்ன என்று கிளம்பினோம்.

வடபழனிப் பக்கம் ஒரு ஹோட்டலின் பார்ட்டி ஹால். பட்டுப்பாவாடையும் குட்டி கோட்டுமாகக் குழந்தைகள், கையில் சீப்போடு அம்மாக்கள். சுவரில் வெள்ளைத் துணி, ஒரு ரிங் லைட், ஸ்டாண்டில் செல்போன். பெயரைச் சொல்லு, சிரி, திரும்பு, அவ்வளவுதான் ஆடிஷன். உயரம் என்ன, சட்டை சைஸ் என்ன என்று யாரும் கேட்கவில்லை. உண்மையான ஆடிஷனில் முதலில் கேட்பது அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பக்கத்து அறையில் மேஜை போட்டு ரிசல்ட் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் போனவர்கள் செலக்டட், நாங்கள் செலக்டட், பின்னால் வந்த ஆவடி அம்மாவின் பையனும் செலக்டட். அப்புறம்தான் விஷயம் வந்தது. ரெஜிஸ்ட்ரேஷன் 1,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,180. போர்ட்ஃபோலியோ ஷூட், அதாவது குழந்தையை விதவிதமாகப் படமெடுத்து ஆல்பம் போடுவது, 24,000, இன்றைக்கே கட்டினால் 18,000. “ரீஃபண்டபிள்தான் மேடம், முதல் விளம்பரத்துலயே திரும்ப வந்துடும்.”

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி என்று காதில் விழுந்தால் கண் தானாக நம்பரைத் தேடும். தமிழ்நாட்டில் பதிவு செய்த நிறுவனம் என்றால் 33 என்று தொடங்கி, எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம் இருக்க வேண்டும். அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டிவிடும். அந்த ரசீது புத்தகத்தில் தங்க எழுத்தில் கம்பெனி பெயர் இருந்தது, நம்பர் இல்லை. மேஜை மேல் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பணம் போகும் இடத்தில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டோம். வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனது. “ஆயிரத்து நூத்தி எண்பதுதானே, கட்டிப் பார்த்திருக்கலாம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த ‘தானே’தான் இவர்கள் பிழைப்பு. ஆவடி அம்மா கட்டினார். அடுத்து போர்ட்ஃபோலியோ, அப்புறம் காஸ்ட்யூம் டெபாசிட், அப்புறம் அக்ரிமென்ட் சார்ஜ். இவ்வளவு கட்டியாச்சு, இதை விட்டால் அதுவும் போய்விடும் என்ற பயத்திலேயே அடுத்தடுத்த பணமும் போயிருக்கிறது.

அந்தக் காஸ்டிங் ஆட்களிடமிருந்து மறுபடியும் போன் வந்தபோது நான் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை விளம்பரத்தில் நடிக்க வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர்தான் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும்.

“சார், கலெக்டர் அனுமதி நீங்க வாங்குவீங்களா, பிஸ்கட் கம்பெனியா?”

“அது... ப்ராசஸ்ல இருக்கு மேடம்.”

“எந்த மாவட்டத்துல?”

“டீம்ல கேட்டுச் சொல்றேன். ஆனா பாருங்க, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா உங்க ஸ்லாட் வேற குழந்தைக்குப் போயிடும்.”

போகட்டும் என்றேன்.

ஆனால் மகள் விடவில்லை. எங்கள் அபார்ட்மென்டில் விளம்பரப் படங்களில் உதவி கேமராமேனாக இருக்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் கேட்டால் சிரித்தார். “அக்கா, ஏழு வயசுக் குழந்தைக்கு எதுக்கு ஆல்பம்? ஆறு மாசத்துல பல்லு விழும், முகம் மாறிடும். ஜன்னல் பக்கம் நிக்க வெச்சு போன்லயே எடுங்க.” அப்படியே எடுத்தோம். மேக்கப் இல்லை, வெறும் டீ ஷர்ட். நேர்முகம், பக்கவாட்டு, முழு உருவம், முன்பல் இல்லாத சிரிப்பு ஒன்று. பெயர், வயது, உயரம், என்னென்ன மொழி பேசுவாள் என்று ஒரு சின்ன வீடியோ. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அதை அவருக்குத் தெரிந்த, விளம்பரங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கோஆர்டினேட்டருக்கு அனுப்பினோம். அவருடைய கமிஷனும் வேலை கிடைத்து, கிளையண்ட் கொடுக்கும் சம்பளத்திலிருந்துதான். வேலை இல்லையென்றால் அவருக்கும் காசு இல்லை, அதனால் எல்லாக் குழந்தையையும் ‘செலக்டட்’ என்று சொல்ல அவருக்கு அவசியமில்லை. ரொம்ப நாள் எந்தச் செய்தியும் இல்லை. நடுவில் போன ஆடிஷன்களில் உயரம் அதிகம், இந்தி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மகள் ஒருமுறை அழுதாள். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

கடைசியில் ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரம் கிடைத்தது. ஷூட்டிங்கைச் சனிக்கிழமை வைத்தார்கள். தயாரிப்பு மேனேஜரே சம்மதக் கடிதம் கேட்டு வாங்கினார். கலெக்டர் அனுமதி என்று நான் ஆரம்பித்ததுமே நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். உடை அவர்களுடையது, சாப்பாடு அவர்களுடையது. படத்தை எத்தனை மாதம், எங்கெல்லாம் ஓட்டுவார்கள் என்பதை மட்டும் கேட்டு அக்ரிமென்டில் எழுதி வாங்கினேன். கடை போர்டில் வருஷக்கணக்கில் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாகப் பணம் வர வேண்டும் இல்லையா? சம்பளம் தாமதமாகத்தான் வந்தது, இந்தத் தொழிலில் அது சகஜமாம். கமிஷன் போக மீதி வந்தது, குழந்தை பங்கு அவள் பெயரில் டெபாசிட் ஆனது.

ஆவடி அம்மாவிடம் நம்பர் வாங்கி வைத்திருந்ததால் பிறகும் பேசிக்கொண்டோம். சைபர் குற்றத்துக்கான 1930-க்குப் போன் செய்யச் சொல்லி, யுபிஐ பரிவர்த்தனை எண்களை நானே வரிசையாக எழுதிக் கொடுத்தேன். பணம் போனதும் உடனே கூப்பிட்டால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், இவருக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இப்போது நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ‘ரீஃபண்டபிள்’ என்ற மெசேஜை மட்டும் அவர் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.