ஊசிக் குழலுக்குள் இருப்பது என்ன? தோல் மருத்துவரின் நாட்குறிப்பு

2024 ஜனவரி 8, திங்கள்

தை முகூர்த்தங்கள் நெருங்குவதால் உதடு, கன்னம் போன்ற இடங்களைப் பூரிப்பாக்கத் தோலுக்கடியில் போடும் ஃபில்லர் ஊசியைப் பற்றி விசாரித்து வருவோர் கூடிவிட்டார்கள். இன்று வந்த பெண்ணுக்கு இன்னும் பத்து நாளில் கல்யாணம். உதட்டைச் சற்றே பூரிப்பாக்க வேண்டும் என்றாள். வீக்கமும் ரத்தக்கட்டும் வடிய ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடன் வந்த அவளுடைய அத்தை, "பார்லர்ல பாதி விலைக்குப் போடுறாங்களாமே டாக்டர், ரெண்டும் ஒரே மருந்துதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, விரிவாகப் பதில் எழுதி வைக்க வேண்டும்.

2024 ஜனவரி 9, செவ்வாய்

ஃபில்லராக இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலுரானிக் அமிலம். 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கிறது. தோலில் இருப்பதை உடல் ஓரிரு நாளில் சிதைத்துவிடும் என்பதால், ஃபில்லர் தயாரிப்பவர்கள் பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் அதன் இழைகளைப் பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். வினைபுரியாமல் எஞ்சும் பி.டி.டி.இ. தீங்கானது, தரமான தயாரிப்புகளில் அது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாக இருக்கும்படி நீக்கப்படுகிறது. பெயர் தெரியாத கம்பெனியின் பாதி விலைச் சரக்கில் இந்தச் சுத்திகரிப்பு நடந்ததா என்பதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எங்களிடம் உள்ள பெட்டியில் 1 மி.லி. ஜெல் நிரப்பிய குழலோடு, பேட்ச் எண் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர்களும் இருக்கும். ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டி, இன்னொன்றை அவரிடமே தருகிறோம். வலி குறைக்க 0.3 சதவீதம் லிடோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த வகைகளும் உண்டு. மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும்.

2024 ஜனவரி 19, வெள்ளி

வேறோர் இடத்தில் நேற்று உதட்டில் ஊசி போட்டுக்கொண்ட பெண் காலையில் வந்தார். மேலுதட்டிலிருந்து மூக்கோரம் வரை தோல் வெளிறி, அதன்மேல் நீலம் பாய்ந்த வலைக்கோடுகள் தெரிந்தன. விரலால் அழுத்தி எடுத்தபோது ரத்தம் திரும்பிப் பாய மிகவும் தாமதமானது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருந்தது; அப்படியே விட்டால் தோல் அழுகிவிடும்.

என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, பெட்டியையும் காட்டவில்லையாம். ஹையலுரானிக் அமிலமாக இருந்தால் ஹையலுரோனிடேஸ் என்ற நொதியைக் கொண்டு கரைத்துவிடலாம். ஃபில்லராகப் போடப்படும் மற்றப் பொருள்களான கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்டையோ பாலி லாக்டிக் அமிலத்தையோ சிலிகோனையோ அது கரைக்காது. 1500 யூனிட் குப்பியைக் கரைத்து, அடைப்பு தெரிந்த பகுதி முழுவதும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் போட்டேன். மதியத்துக்குள் நிறம் திரும்பத் தொடங்கியபோதுதான் உள்ளே இருந்தது எதுவென்று எங்களுக்கே உறுதியானது.

உதட்டோடு போனது அவருடைய நல்ல காலம். மூக்கின் மேற்புறத்திலும் புருவங்களுக்கு இடையிலும் ஓடும் தமனிகள் கண்ணின் தமனியோடு இணைந்தவை. அங்கே அழுத்திச் செலுத்தப்படும் ஜெல் பின்னோக்கிப் பாய்ந்து விழித்திரைக்கான ரத்த ஓட்டத்தை அடைத்தால், பார்வையைக் காப்பாற்ற ஒன்றரை மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். மூக்கை எடுப்பாக்கும் ஊசியை "லஞ்ச் டைம் சிகிச்சை" என்று விளம்பரப்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

2024 ஜனவரி 23, செவ்வாய்

திரவ சிலிகோனை அழகுக்காக உடலில் செலுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது, இடம்பெயர்வதும், ஆண்டுகள் கழித்துக் கட்டியாவதும் அதன் இயல்பு. அழுத்தத்தால் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் ஊசியில்லாப் பேனாக்களால் ஃபில்லர் ஏற்றுவதற்கு எதிராகவும் 2021-இல் அது எச்சரித்தது. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் 1 முதல் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது குற்றம்.

2024 பிப்ரவரி 2, வெள்ளி

அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தார். தோல் தேறிவிட்டது, மூக்கோரம் மட்டும் சிறு தழும்பு இருக்கிறது. இனி பல் வைத்தியரிடம் போனாலும் முகத்தில் ஃபில்லர் போட்டதைச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கோவிட் தடுப்பூசிச் சோதனையில்கூட, முன்பு ஃபில்லர் போட்டுக்கொண்ட ஒரு சிலருக்கு முகம் வீங்கியது 2020 டிசம்பரில் பதிவானது. ஊசி போட்டவர்களிடம் பேட்ச் எண்ணைக் கேட்டு வாங்கவும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார்.