பத்தாண்டுக்கு நீட்டிப் பாருங்கள்

விற்பனை ஆண்டுக்கு 40 சதவீதம் வளரும் என்று தொழில் திட்டத்தில் எழுதுவது எளிது. அதையே 10 ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள்: விற்பனை ஏறக்குறைய 29 மடங்கு. சந்தை ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் அதே காலத்தில் 1.8 மடங்குதான் ஆகும். ஆக, இன்று சந்தையில் 2 சதவீதம் வைத்திருப்பவர் அப்போது 32 சதவீதத்தைப் பிடித்திருக்க வேண்டும். போட்டியாளர்கள் அதுவரை தூங்கிக்கொண்டிருப்பார்களா என்ன?

தொடக்கத்தில் விற்பனை இரட்டிப்பாவது பெரிய விஷயமில்லை, அப்போது தொகை சிறியது. அப்புறம் வேகம் குறையத்தான் செய்யும். இன்னொன்று, விற்பனை ஏறும்போது சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் பணம் முடங்கும். லாபம் கணக்கில் தெரியும், கையில் இருக்காது. என்னைக் கேட்டால், பெரிய தொழிலுக்குச் சந்தையின் வளர்ச்சியைவிட ஓரிரு சதவீதப் புள்ளி கூடுதலாகத் திட்டத்தில் வைப்பதே துணிச்சல்தான்.